மலையில் கண்ட மரியாதை

கோடைக்கானலுக்குப் போய் வந்தவர்களிடம், “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டால், ஏரி, படகு, தூண்பாறை, குறிஞ்சியாண்டவர் கோயில், சாக்லேட் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். நாமும் இதற்கு முன் நாலைந்து தடவை போய், அவற்றையே பார்த்து, அவற்றையே வீட்டாருக்குச் சொன்னவர்கள்தாம். இம்முறை போனது வேறு காரியத்துக்கு.

பள்ளிக்கூடத்தில் அமெரிக்க சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, “நம் நாட்டிலும் அந்த மாதிரி அடிமைகள் இருந்தார்களா, ஸார்?” என்று கேட்டான். இருந்தார்கள் என்றோம். “எங்கே?” என்றான். தஞ்சாவூர்ப் பக்கம், மலையாளத்துப் பக்கம் என்று சொல்லி மழுப்பினோம். அடிமைத்தனம் என்பது எப்பொழுதும் அடுத்த ஜில்லாவில்தானே இருந்திருக்கும்! அன்றிரவு மனம் கேளாமல், 1906-இல் பிரான்சிஸ் என்னும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் எழுதி வெளிவந்த மதுரை ஜில்லா கெஜட்டியரை எடுத்துப் புரட்டினோம். இன்றைய திண்டுக்கல் மாவட்டம் அன்று மதுரையோடு சேர்ந்திருந்தது. வருஷா வருஷம் நாம் காற்று வாங்கப் போகும் அதே பழனி மலை அந்தப் புத்தகத்தில் வேறு முகத்தோடு நின்றது.

அவர் எழுதியதன் சாரம் இது. மலையில் உழுது பயிரிடும் பெருங்குடிகள் குன்னுவர் என்னும் வேளாளர். நானூறு, ஐந்நூறு வருஷங்களுக்கு முன் தாராபுரம், காங்கயம் சீமையிலிருந்து யுத்தத்துக்கு அஞ்சியோ, பஞ்சத்துக்கு அஞ்சியோ மலையேறி வந்ததாக அவர்களுடைய பரம்பரைக் கதை. மலையடிவாரத்து விருப்பாட்சி, ஆய்க்குடிப் பாளையக்காரர்கள் அவர்களுக்கு நிலம் கிடைக்கத் துணை செய்தார்களாம். அந்த நிலத்தை அதுவரை பயிரிட்டு வந்தவர்கள் புலையர். வந்தவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இருந்தவர்கள் நாளடைவில் அதே நிலத்தில் பண்ணையடிமைகள் ஆனார்கள். இவ்வளவும் பழங்கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்நிலையிலிருந்து அவர்கள் இன்னும் சரிவர விடுபட்டபாடில்லை என்றும் அவர் சேர்த்து எழுதுகிறார். அந்த ‘இன்னும்’ 1906-ஆம் வருஷத்து ‘இன்னும்’. இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு இனி இல்லை என்று கும்பினியார் சட்டம் இயற்றியதோ 1843-இல்.

ஒரு சமூகத்தாரைக் குறை கூறுவதற்காக இதை நாம் எழுதவில்லை. தமிழ்நாட்டில் நிலம் வைத்திருந்த எந்த ஜாதியார் வீட்டுக் களஞ்சியத்தைத் தட்டினாலும் இதே ஓசைதான் கேட்கும், நம் வீட்டுக் களஞ்சியம் உட்பட.

புறப்பட்டவர்கள் மூன்று பேர். நாம், நம்மோடு ஒரே பள்ளியில் கணக்குப் போதிக்கும் நண்பர், கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன். நண்பர் தங்கமான மனிதர். ஏழைப் பிள்ளைகளுக்குத் தம் கைப்பணத்தில் பரீட்சைக் கட்டணம் கட்டுகிறவர். கோபம் மட்டும் அவருக்கு முன்னால் நடக்கும். அவர் பின்னால் போவார்.

வத்தலக்குண்டில் காப்பி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். வளைவுகள் ஆரம்பித்தன. மோட்டார் செல்லும் இந்தப் பாதை சென்ற நூற்றாண்டில்தான் முடிந்தது. அதற்கு முன் துரைமாரும் துரைசாணிமாரும் பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்தில் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்கள் தோளில் ஏறி மேலே வந்தார்கள். நாற்காலியில் இருந்தவர்கள் எழுதிய கடிதங்களில் மூடுபனியும் பெரணிச் செடியும் நிறைய வரும். தோள் கொடுத்தவர்கள் கடிதம் எழுதவில்லை.

1821-இல் வார்டு என்னும் சர்வே உத்தியோகஸ்தர் இம்மலையை அளந்தார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார், மலேரியாக் காய்ச்சலுக்குத் தங்கள் குடும்பங்களைப் பறிகொடுக்க மாட்டாமல், இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஏரி 1863-இல் லெவிஞ்சு துரை அணை போட்டு உண்டாக்கியது. இதெல்லாம் வழிகாட்டிப் புத்தகங்களில் உள்ள சங்கதி. அந்தப் பாதிரிமார் பிறந்த தேசத்தின் தென் மாகாணங்களில் அப்போது மனிதனை மனிதன் ஏலத்தில் எடுத்துக்கொண்டிருந்தான் என்பதுதான் ஏரிக்கரையில் நடக்கும்போது நமக்கு ஞாபகம் வந்தது. 1860-இல் அங்கே ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகளாயிருந்தார்கள்.

அந்தத் தென் மாகாணத்துப் பண்ணைக்காரர்களைப் போல மானத்தைப் பற்றிப் பேசியவர்கள் கிடையாது. ஒரு சொல் தடித்தால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவார்கள். 1856-ஆம் வருஷம் மே மாதம், சார்லஸ் ஸம்னர் என்னும் வடநாட்டு அங்கத்தினர் வாஷிங்டன் செனட் சபையில் அடிமை முறையைக் கண்டித்துப் பேசினார். அந்தப் பேச்சில், தென் கரோலினாவைச் சேர்ந்த ஒரு முதிய அங்கத்தினரையும் கிண்டல் செய்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, அம்முதியவரின் உறவினரான பிரஸ்டன் புரூக்ஸ், செனட் மண்டபத்துக்குள்ளேயே வந்து, உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஸம்னரைக் கைத்தடியால் மண்டையில் அடித்தார். தடி முறியும் வரை அடித்தார். ஸம்னர் தேறி மீண்டும் சபையில் தம் வேலையைப் பார்க்க மூன்று வருஷங்கள் ஆயின. புரூக்ஸுக்கு ஊரார் என்ன செய்தார்கள்? புதுக் கைத்தடிகள் வாங்கி வெகுமதியாக அனுப்பினார்கள். அவர் பதவியை ராஜினாமா செய்தார். உடனே அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் துப்பாக்கி இல்லாமல் தடி? சமானமானவனோடுதான் துப்பாக்கிச் சண்டை, தாழ்ந்தவனுக்குத் தடியடி. அதுவே அங்கத்திய மானத்தின் இலக்கணம். அடிமையை அடித்துப் பழகிய கை செனட் அங்கத்தினரின் மண்டையையும் அதே விதமாகத்தான் கண்டது.

இதை நாம் சொல்லிக்கொண்டு வந்தபோது நண்பர், “காட்டுமிராண்டிகள்!” என்றார். அவர் கையில் ஒரு கைத்தடி இருந்தது. ஏரிக்கரைக் கடையில் காலையில்தான் வாங்கினார்.

மறுநாள் டால்பின் மூக்குப் பாறை வரை நடந்தோம். அங்கிருந்து பாதை கீழே வெள்ளகவிக்குப் போகிறது. கும்பக்கரையிலிருந்து மலையேறும் பழைய ஒற்றையடித் தடத்தில் உள்ள ஊர் அது. ஊரே கோயிலுக்குச் சமானம் என்பதனால் அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை. வருகிறவர்களும் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். ஏழை, பணக்காரன், உள்ளூர், வெளியூர் என்ற பேதம் கிடையாது. இதைக் கேட்டதும் நம் நண்பரின் மகன், “எல்லாரும் கழற்றினால் அது பக்தி. ஒருவன் மட்டும் கழற்றவேண்டும் என்றால்?” என்றான்.

அவன் கேட்டதற்குப் பதில் நம் சரித்திரத்தில் அச்சாகியிருக்கிறது. 1930-ஆம் வருஷம் டிசம்பரில், இதற்குக் கிழக்கேயுள்ள ராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிக்கம் செலுத்திய ஜாதியார் சிலர் ஆதி திராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க நகை, வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் அல்லாத பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது. பூச் சூடக் கூடாது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் ஆடு மாடும் கொள்ளை போயின. அப்படியும் அவர்கள் அடங்கவில்லை என்று கண்டு, 1931 ஜூனில் தடைகளைப் பதினொன்றாக்கினார்கள். பிள்ளைகள் படிக்கக் கூடாது, நிலத்தை மிராசுதாருக்கே மலிவாக விற்கவேண்டும், மிராசுதாரிடம் அடிமைகளாகவே உழைக்கவேண்டும் என்பனவும் அவற்றில் உண்டு. சென்ஸஸ் அதிகாரியாயிருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார்.

பாருங்கள், ஒரு பனியன்! ஒரு குடை! இவற்றால் எதிர் வீட்டுக்காரனுக்கு ஒரு பிடி நெல் நஷ்டமுண்டா? கிடையாது. ஆனால் தான் அணிவதை அவன் அணியாமலிருப்பதில்தான் தன் கௌரவம் என்று ஒருவன் வைத்துக்கொண்டால், அடுத்தவன் குடை விரிப்பது இவன் கன்னத்தில் அறைந்ததற்குச் சமானமாகிவிடுகிறது. பிறகு தீப்பந்தம் எடுக்கவேண்டியதுதான்.

அன்று மாலை பூம்பாறைக்குப் போனோம். கோடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூர்ச் சாலையில் உள்ள ஊர். பள்ளத்தில் ஓட்டு வீடுகள். சுற்றிலும் படிப்படியாய் வெட்டிய வயல்கள். மலைப்பூண்டுக்குப் பேர் போன நிலம். கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. அந்தப் படிக்கட்டு வயல்களைப் படம் பிடிக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஒவ்வொரு படிக்கும் கல் சுமந்து, வரப்பு கட்டி, மண் நிரப்பியவர்கள் யார் என்று கேட்டால்தான் படம் கொஞ்சம் கலங்கும்.

குழந்தை வேலப்பர் சந்நிதியில் தரிசனம் செய்துவிட்டு வெளியே வந்தபோது ஒரு பெரியவர் பேச்சுக்குக் கிடைத்தார். எண்பது வயது இருக்கும். ஒளிவு மறைவில்லாத பேச்சு. பண்ணையடிமைகள் பற்றிப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னோம்.

“அடிமைன்னு நாங்க சொன்னதில்லீங்க. ‘நம்ம ஆளு’ன்னுதான் சொல்லுவோம்” என்றார்.

“கூலி உண்டா?”

“தானியம் உண்டு. கம்பளி உண்டு. கல்யாணம் காட்சின்னா பணம் கொடுப்பாங்க. அது கணக்குல ஏறும்.”

“கணக்கு எப்போது தீரும்?”

பெரியவர் சிரித்தார். “தீர்ற மாதிரியா எழுதுவாங்க?”

“ஓடிப்போனால்?”

“ஓடமாட்டாங்க. எங்கே போவாங்க? அடுத்த ஊரு மண்ணாடியும் நம்ம மண்ணாடியும் ஒண்ணுதானே. அவங்க ஆளை இவங்க வெச்சுக்கிட்டா அது மரியாதைக் குறைச்சல் இல்லியா?” மண்ணாடி என்பது ஊர்த் தலைவருக்கு அங்கே வழங்கும் பெயர்.

இரவு முழுதும் அந்த வார்த்தை நம் காதில் ஒலித்தது. ஒருவன் ஓடிப்போவது உழைப்பு நஷ்டம் மட்டுமல்ல. எஜமானனுடைய மரியாதைக்கும் நஷ்டம். அடுத்த எஜமானன் அவனைச் சேர்த்துக்கொள்ளாதது பரஸ்பர மரியாதை. இரண்டு மரியாதைகளுக்கு நடுவே வாழ்நாள் முழுதும் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். 1843-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு நாலே பிரிவுகள். கடைசிப் பிரிவு என்ன சொல்லுகிறதென்றால், சுதந்தர மனிதனுக்குச் செய்தால் குற்றமாகும் எதையும், அடிமை என்ற சாக்கில் ஒருவனுக்குச் செய்தாலும் அது குற்றமே என்கிறது. கல்கத்தாவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு, இந்த நாட்டில் ‘அடிமையை அடித்தேன்’ என்பது ஒரு நியாயமாகச் செல்லுபடியாகி வந்தது என்று தெரிந்திருக்கிறது. சட்டம் மலையேறி வருவதற்குத்தான் நாளாயிற்று. அதை இயற்றிய கும்பினியாருக்கும் மலையேறிப் பார்க்க அவசரம் ஒன்றுமில்லை. வரி ஒழுங்காய் வந்துகொண்டிருந்தது. கொத்தடிமை முறையை ஒழித்து நம் பார்லிமெண்டே 1976-இல் இன்னொரு சட்டம் செய்யவேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் கீழ் மலைக்கு இறங்கி, பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடி சேர்ந்தோம். இங்கே குளிர் கோடைக்கானலில் பாதி. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, ஆரஞ்சு, வாழை. பக்கத்துக் குன்றுகளில் பழங்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த ஈமக் கட்டடங்கள். தமிழ்நாட்டில் பல இடங்களில் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்லுவார்கள். செண்பகனூர்க் கல்லூரிப் பாதிரிமாரான ஆங்கிளாடும் நியூட்டனும் இம்மலையின் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகா 1928-இல் வெளியிட்டது.

காட்டு வழி தெரிந்த ஒருவர் வேண்டுமென்று தேநீர்க் கடையில் கேட்டோம். கடைக்காரர் ஒரு பளியரை அழைத்துவந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, அறுபதுக்குக் குறையாது. கூலி பேசினோம். நம் சாப்பாட்டு மூட்டையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழியெல்லாம் நாம் கேட்பதற்கு மட்டும் பதில். எந்தக் கிழங்கு எப்போது தோண்டலாம், எந்தப் பாறையில் தேன் கட்டும் என்று கேட்டால் மட்டும் முகம் மலரும்.

முதல் கல்திட்டையை அடையும் முன் ஒரு ஈரப் பாறை. நண்பர் அதன்மேல் காலை வைக்கப் போனார். பளியர் திரும்பிப் பார்த்து, “நீ அதுல ஏறாதே, வழுக்கும். இப்படி வா” என்றார்.

நண்பருடைய முகம் சிவந்தது. “யாரைப் பார்த்து ‘நீ’ என்கிறாய்? பேசத் தெரியாதா உனக்கு?” என்றார். பளியர் ஒன்றும் விளங்காமல் நின்றார். “வாயைப் பார், வாயை!” என்று நண்பர் கைத்தடியை ஓங்கினார். அடிக்கவில்லை. அவர் அடிக்கிறவரும் அல்லர். ஆனால் தடி மேலே போயிற்று. அதை நாம் கண்ணால் பார்த்தோம். அவருடைய மகனும் பார்த்தான். மகன் பக்கத்தில் இல்லாதிருந்தால் அது அவ்வளவு உயரம் போயிருக்குமா என்பது நமக்குச் சந்தேகம்.

பளியர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டையை மெதுவாகத் தரையில் இறக்கினார். தண்ணீர்க் குப்பியை அது சாயாதபடி ஒரு கல்லோடு சேர்த்து வைத்தார். நம்மில் யாரையும் பார்க்காமல், புதருக்குள் நுழைந்து போய்விட்டார். “ஐயா! ஐயா!” என்று பையன் பின்னாலேயே ஓடினான். இலை அசைந்ததுகூடத் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நண்பர் இரண்டு தடவை, “நான் என்ன சொல்லிவிட்டேன்?” என்றார். நாம் பதில் சொல்லவில்லை. அது அவர்மேல் உள்ள கோபத்தினால் அல்ல. காலை முதல் நாம் மூவருமே அந்த மனிதரை ‘நீ’, ‘வா’, ‘போ’ என்றுதான் பேசிக்கொண்டு வந்தோம் என்பது அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. வயதில் நம்மெல்லாரிலும் மூத்தவர் அவர். நாம் கொடுத்த சொல்லையே அவர் நமக்குத் திருப்பிக் கொடுத்தார். அதிலும், நண்பர் விழுந்து காலை ஒடித்துக்கொள்ளக் கூடாதே என்ற அக்கறையோடு கொடுத்தார்.

பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1962 முதல் 1964 வரை பளியரோடு தங்கி அவர்களுடைய வாழ்க்கையை ஆராய்ந்தார். 1966-இல் எழுதிய கட்டுரைக்கு, இரு பக்கமும் சமமான மரியாதை என்று பொருள்படும்படியே அவர் தலைப்பு வைத்தார். பளியர் பெரிய குற்றமாகக் கருதுவது ஒருவரைத் தரக்குறைவாய் நடத்துவதை என்கிறார். கணவன், மனைவி, பெரியவர், குழந்தை எல்லாருக்கும் இது பொது. ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தக் கூடாது. கையை நீட்டக் கூடாது. கோபமே வராதவர்கள் என்று அவர் எழுதவில்லை. கோபம் முற்றும் முன் ஒருவர் அந்த இடத்தைவிட்டுப் போய்விடுவார் என்றுதான் எழுதுகிறார். போவது தோல்வி அல்ல. அதுவே தக்க நடத்தை.

பாறைமேல் உட்கார்ந்து நாம் யோசித்தது இதுதான். பளியர் விலகிப் போனார். அவருக்குப் போக ஒரு காடு இருந்தது. புலையர் விலகிப் போகவில்லை. அவர்கள் வயல் வைத்திருந்தவர்கள், வயலோடு சேர்த்துப் பிடிபட்டவர்கள், கணக்குப் புத்தகத்தில் ஏறியவர்கள். தென் அமெரிக்க மாகாணங்களில் ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தருவதற்கென்று 1850-இல் ஒரு சட்டமே செய்தார்கள். எதிரில் நிற்பவன் போகமுடியாது என்று நிச்சயமான இடத்தில்தான் மானத்தின் பேரால் கை ஓங்குகிறது. அவன் திரும்பி நடந்துவிட்டால், ஓங்கிய தடியோடு நிற்கிறவன் பார்ப்பதற்கு எப்படியிருக்கிறான் என்பதை அன்று நேரில் கண்டோம். பார்க்கச் சகிக்கவில்லை.

ஆனால் விலகிப் போவதைப் பெரிதாகப் புகழவும் நமக்கு வாய் வரவில்லை. விலகி விலகிப் போனவர்களுக்குக் காட்டின் விளிம்பும் எஸ்டேட்டுக் கூலியும்தான் மிஞ்சின. நல்ல நிலமெல்லாம் நின்றவன் கைக்குப் போயிற்று.

மூட்டையைப் பையன் தோளில் போட்டுக்கொண்டான். வழி தவறி, இரண்டு தடவை ஓடையில் இறங்கி, சாயங்காலம் தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்தோம். நண்பர் பேசிய கூலியைப் போல் மூன்று மடங்கு எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். கடைக்காரர் எண்ணிப் பார்த்து, மேற்கொண்டு இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“பேசின கூலி போதும் சார். அதுக்கு மேலே வெச்சா தொடமாட்டாரு.”

“அவரை ஒருமுறை பார்க்கவேண்டும். எங்கே இருப்பார்?” என்றார் நண்பர்.

“இப்போ பார்க்க முடியாது. வருவாரு. நாலு நாளும் ஆகும், நாப்பது நாளும் ஆகும்.”

பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரம் இறங்கி, விருப்பாட்சிக்கும் போய்ப் பார்த்துவிட்டே திரும்பினோம். அது முதலிலேயே போட்ட திட்டம். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரைப் பற்றி வகுப்பில் நாம் எத்தனையோ தடவை தொண்டை கம்மப் பேசியிருக்கிறோம். 1772-இல் கணவரைக் கும்பினிப் படைக்குப் பலிகொடுத்துவந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர். கும்பினியாரை எதிர்த்துத் தென்னாட்டுப் பாளையங்களை ஒன்றுசேர்த்தவர். 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டவர். பிறரிடம் கைகட்டி நிற்கமாட்டேன் என்ற மானம் அவரைத் தூக்குமரம் வரை கொண்டுபோயிற்று. அவருக்கு எழுப்பியுள்ள மணிமண்டபத்தில் நின்றபோது நமக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. அதே சமயம் கெஜட்டியரில் படித்த பரம்பரைக் கதையும் கூடவே வந்து நின்றது. மலைமேல் நிலம் கைமாறியதற்கு இந்தப் பாளையத்தின் பழைய தலைமுறை ஒன்று துணை நின்றதென்றால், கைகட்டி நிற்கக் கூடாது என்ற அந்த மானத்தில் மேலே வயலில் நின்றவர்களுக்குப் பங்கு இருந்ததா? அடுத்த வருஷம் இந்தப் பாடம் நடத்தும்போது இதையும் சேர்த்துத்தான் நடத்தவேண்டும். பையன்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்து மலைவாழைப்பழம் வாங்கினோம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சேர்க்கும் அந்தச் சிறிய, மணமுள்ள பழம். நண்பர் சாப்பிடவில்லை. மலையிலிருந்து இறங்கியது முதலே அவர் அதிகம் பேசவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் பையன் கேட்டான்: “அப்பா, தாத்தா நாளில் நம் நிலத்தை யார் உழுதார்கள்?”

“பண்ணையாட்கள் இருந்தார்கள். நாலு குடும்பம்.”

“பேர் ஞாபகம் இருக்கிறதா?”

நண்பர் வெகுநேரம் யோசித்தார். ஒரு பெயர் சொன்னார். அவர் தம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போவாராம். பிறகு இன்னொரு பெயரைச் சொல்ல ஆரம்பித்து, அது அந்த மனிதருடைய பெயரா, அவர் ஓட்டிய மாட்டின் பெயரா என்று சந்தேகப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

“மற்றவர்களை எப்படிக் கூப்பிடுவீர்கள்?”

நண்பர் நம் முகத்தைப் பார்த்தார். நம் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்குள் திண்டுக்கல் பஸ் வந்துவிட்டது.